தோசைக் கரண்டி மாதிரி ஒரு மட்டை: அயர்லாந்தில் நான் பார்த்த ஆட்டமும் அதன் வரலாறும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சர், கையில என்ன ஹாக்கி மட்டையா?” என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒருவர் மட்டும், “இவ்வளவு பெரிய தோசைக் கரண்டி எங்க டீச்சர் வாங்குனீங்க?” என்று எழுதியிருந்தார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பிலும் கடைசி பெஞ்சிலிருந்து இப்படித்தான் குரல் வரும். ஆனால் பார்வைக்கு அவர் சொன்னதுதான் சரி. நீளமான கைப்பிடி, நுனியில் தட்டையாக அகன்ற பலகை. அதற்கு ஹர்லி என்று பெயர். அதை வைத்து ஆடும் ஆட்டம் ஹர்லிங். அயர்லாந்து நாட்டின் பழைய நாட்டுப்புற ஆட்டம்.

பதில் ஒரு வரியில் முடியாது. பாடம் நடத்திப் பழகிய வாய். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

என் மகள் அயர்லாந்தில் டிப்பரரி என்ற கவுண்டியில் நர்ஸாக இருக்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. 2025 ஜூன் மாதம் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அயர்லாந்து நமக்கு ஒன்றும் அந்நியமான ஊர் இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814-இல் பிறந்தது அங்கேதான். நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் 1781-இல் ஹைதர் அலியை எதிர்த்து நின்ற ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அயர்லாந்துக்காரர். நம்மை ஆண்ட அதே அரசுதான் அவர்களையும் ஆண்டது. அந்த அரசின் படையிலும் அலுவலகத்திலும் வேலைக்கு வந்தவர்களில் அவர்களும் நிறைய பேர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பத்து வயதுப் பேத்தி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஸ்டேடியம் எல்லாம் இல்லை. ஊர்க் கோடியில் ஒரு பச்சைப் புல்வெளி, இரண்டு பக்கமும் ஆங்கில எழுத்து ‘எச்’ போல உயர்ந்த கம்பங்கள், ஒரு ஓரம் சிமெண்ட் படிக்கட்டு. வாசலில் ஒரு பெரியவர் தகர டப்பா வைத்துக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். அவர் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியராம். நானும் அப்படித்தான் என்று மகள் சொன்னதும், எழுந்து நின்று கை கொடுத்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் அந்த ஊர் தபால்காரர். ஆடுகிறவர்களில் ஒருவர் மாடு வளர்க்கிறவர், ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் மகள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஊருக்காக ஆடுகிறார்கள். மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும்.

ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். மைதானம் நம் கால்பந்து மைதானத்தைவிட நீளம். பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு, நடுவில் தக்கை, மேலே தோல். ஸ்லிட்டர் என்கிறார்கள். அது தரையில் உருளும் என்று நினைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். “ஆயா, கீழ பாக்காத, மேல பாரு!” என்று பேத்தி கத்தினாள். பந்து தலைக்கு மேலே பறக்கிறது. ஒருவர் கையை நீட்டி ஆகாயத்தில் பிடிக்கிறார், பிடித்த கையிலேயே தூக்கிப்போட்டு மட்டையால் விளாசுகிறார், அது எண்பது தொண்ணூறு மீட்டர் போய் விழுகிறது. கையில் பந்தை வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. அதற்காக மட்டையின் நுனியிலேயே பந்தை நிறுத்திக்கொண்டு ஓடுகிறார்கள், ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே அப்படி. ஆனால் பின்னால் மூன்று பேர் மட்டையோடு துரத்துகிறார்கள். நல்ல அடியில் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். 2010 முதல்தான் எல்லோரும் தலைக்கவசம் போட வேண்டும் என்று விதி. அதற்கு முன் பலர் வெறுந்தலையோடு ஆடியிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் நான் கண்ணை மூடிமூடித் திறந்தேன்.

இடைவேளையில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். பேப்பர் கப் இல்லை, பீங்கான் கோப்பை. குடித்து முடித்ததும் தலைகீழாகத் திருப்பி அடியில் எந்த ஊர் முத்திரை என்று பார்த்தேன். விருத்தாசலத்துக்காரிக்கு இது பழக்க தோஷம். எங்கள் அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்காமல் வரமாட்டார். டிக்கெட் கொடுத்த பெரியவர் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு தன் மகனின் மட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, மரத்தின் ரேகையைத் தடவிக் காட்டினார். நீங்கள் படத்தில் பார்த்தது அந்த மட்டைதான்.

அந்த மட்டை ஆஷ் என்ற மரத்தில் செய்வது. மரத்தின் எந்தப் பகுதியும் உதவாது. வேரும் அடிமரமும் சேரும் இடத்தில், தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரைதான் எடுப்பார்கள். அங்கேதான் மரத்தின் ரேகை வளைந்து வேருக்குள் இறங்கும். அந்த வளைவையே மட்டையின் நுனி வளைவாக வைத்து அறுத்தால்தான் அடி வாங்கும்போது பிளக்காது. களிமண்ணைத் தொட்டுப் பார்த்தே இது சூளையில் வெடிக்குமா நிற்குமா என்று அப்பா சொல்வார். அதே கைஞானம் இது. 2012-இல் அயர்லாந்தில் ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்தது தெரிந்தது. இப்போது மரங்கள் பட்டுப் போகின்றன, மட்டைக்கு வெளிநாட்டு மரத்தை நம்பியிருக்கிறார்கள். மூங்கிலிலும் மட்டை செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று பெரியவர் சொன்னார். எங்கள் ஊரில் மூங்கிலை வைத்துச் சிலம்பமே ஆடுவோம், பயப்படாதீர்கள் என்று மகளை மொழிபெயர்க்கச் சொன்னேன்.

இப்போது ஒரு கணக்கு. கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்குக் கீழே, வலைக்குள் பந்து போனால் கோல், அதற்கு 3 புள்ளி. சட்டத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. கோல்களையும் புள்ளிகளையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். 2025 ஜூலை 20 அன்று நாடு தழுவிய ஹர்லிங் இறுதிப் போட்டி டப்ளினில் நடந்தது. மகள் வீட்டு டிவியில் பார்த்தோம். டிப்பரரி 3-27, கார்க் 1-18. வென்றது யார், எத்தனை புள்ளியில்? மனக்கணக்காகப் போடுங்கள். போட்டாயிற்றா? 36-க்கு 21, டிப்பரரி 15 புள்ளியில் வெற்றி. இத்தனைக்கும் முதல் பாதி முடிவில் கார்க் 6 புள்ளி முன்னால் இருந்தது. இரண்டாம் பாதி முழுவதும் சேர்த்து அவர்களால் 2 புள்ளிதான் எடுக்க முடிந்தது. அன்று இரவு எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. வீட்டுக்கு வீடு நீலமும் மஞ்சளுமாகக் கொடி, மாட்டுத் தொழுவத்தில்கூட. மாசி மகத்துக்கு நம் ஊர் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். இது மிகப் பழைய ஆட்டம். நமக்குக் காளிங்கன் மடுவில் கண்ணன் பந்து போட்ட கதை இருப்பதுபோல, அவர்களுக்கும் ஒரு கதை உண்டு. குகுலின் என்ற வீரன் சிறுவனாக இருந்தபோது, பாய்ந்து வந்த வேட்டை நாயைப் பந்தால் அடித்து வீழ்த்தினானாம். கதை போகட்டும். எழுத்தில் இருக்கும் சான்று ஒன்று சொல்கிறேன். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் உள்ளூர்க்காரர்களோடு கலந்து, அவர்கள் மொழி பேசி, அவர்கள் ஆட்டமும் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அதைத் தடுக்க 1366-இல் கில்கெனி சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதில் தடை செய்தவற்றில் இந்த மட்டைப்பந்தும் ஒன்று. ஆள வந்தவர்களும் விட முடியாத ஆட்டமாக இருந்திருக்கிறது.

சட்டம் போட்டும் சாகாத ஆட்டத்தைப் பஞ்சம் கொல்லப் பார்த்தது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறிப் போனார்கள். நமக்கும் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தது நினைவிருக்கும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆள் இல்லாத ஊரில் யார் ஆடுவது? ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் ஒவ்வொரு ஊராக நின்றுபோயின. மிச்சமிருந்த பந்தயங்களை நடத்திய கழகங்கள் துரைமார் கையில் இருந்தன. கூலிக்காரர், கைவினைஞர் சேர முடியாதபடி விதி வைத்தார்கள். போட்டியும் ஞாயிறு அன்று கிடையாது. உழைப்பவனுக்கு ஓய்வு கிடைப்பதே ஞாயிறு ஒருநாள்தான்.

இந்த இடத்தில் ஒரு வாத்தியார் வருகிறார். மைக்கேல் குசாக், 1847-இல் பஞ்சத்தின் நடுவே பிறந்தவர். பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர், நம்மைப் போல. பல பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு, டப்ளினில் அரசுத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பயிற்சி நிலையம் நடத்தினார். கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடியவர். ஒரு காலத்தில் கிரிக்கெட்டைப் புகழ்ந்து எழுதியவரும்கூட. அவரே 1884 அக்டோபர் 11 அன்று, நம் விளையாட்டை நாமே நடத்த வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். மூன்று வாரத்தில், நவம்பர் 1 அன்று, டிப்பரரியில் தர்ல்ஸ் என்ற ஊரில் ஹேஸ் ஹோட்டலில் கூட்டம் போட்டார். வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்படிப் பிறந்ததுதான் கேலிக் தடகளச் சங்கம். சுருக்கமாக ஜி.ஏ.ஏ. என்கிறார்கள். பேர்பெற்ற தடகள வீரர் மாரிஸ் டேவின் தலைவர். குசாக் செயலாளர்களில் ஒருவர். மாப்பிள்ளை என்னைத் தர்ல்ஸுக்கு அழைத்துப் போனார். ஊர்ச் சதுக்கத்தில் அந்த ஹோட்டல் இருக்கிறது. நம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் ஒரு பழைய லாட்ஜ் அளவுதான்.

அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். முதலில் விதிகளை எழுதினார்கள். ஊருக்கு ஊர் மாறிக் கிடந்த ஆட்டத்துக்கு ஒரே விதி. இரண்டாவது, தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப் பகுதிக்கு ஒரு சங்கம் என்று வைத்தார்கள். நீ எந்த ஊரில் இருக்கிறாயோ அந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும், காசுக்கு ஆள் பிடிக்க முடியாது. மூன்றாவது, ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். நான்காவது, மெதுவாக மைதானங்களைச் சங்கத்தின் பெயரில் வாங்கினார்கள். டப்ளினில் இன்று 82,000 பேருக்கு மேல் உட்காரும் குரோக் பார்க்கை 1913-இல் வாங்கினார்கள். சங்கத்துக்கு முதலில் ஆதரவு கொடுத்த பேராயர் குரோக்கின் பெயர் அது. குசாக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கணக்கு வழக்கு சரியாக வைக்கவில்லை, கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்று இரண்டே வருடத்தில், 1886-இல், பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நல்ல யோசனை வேறு, நோட்டுப் புத்தகம் ஒழுங்காக வைப்பது வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சங்கம் நிற்கும். குசாக் போன பிறகும் அது நின்றது.

ஊர் திரும்புமுன் குரோக் பார்க்கையும் பார்த்தேன். அங்கே ஹோகன் ஸ்டாண்டு என்று ஒரு பக்கத்துக்குப் பெயர். 1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று காலை போராளிகள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மதியம் குரோக் பார்க்கில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் கேலிக் கால்பந்து ஆட்டம். ஆயிரக்கணக்கான ஜனம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் போலீஸ் படை உள்ளே புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டது. ஒன்றரை நிமிடம்தான். 14 பேர் இறந்தார்கள். மைக்கேல் ஹோகன் என்ற டிப்பரரி ஆட்டக்காரர் மைதானத்திலேயே விழுந்தார். சில நாட்களில் கல்யாணம் ஆக இருந்த ஒரு பெண். 10, 11, 14 வயதில் மூன்று பையன்கள். அந்த மூன்று வயதையும் படித்தபோது எனக்கு என் வகுப்பறைகள்தான் கண்ணில் நின்றன.

ஜாலியன்வாலா பாக் உங்களுக்கு நினைவு வருகிறதா? வர வேண்டும். அது 1919 ஏப்ரல் 13, இதற்கு ஒன்றரை வருடம் முன்பு. அரசுக் கணக்கே 379 பேர். அப்போது பஞ்சாபை ஆண்டு, சுட்ட டயரை ஆதரித்த மைக்கேல் ஓ’டுவையர் எந்த ஊர் தெரியுமா? இதே டிப்பரரியில் பிறந்தவர். நம்மைச் சுட்டதை நியாயப்படுத்தியவரும் டிப்பரரிக்காரர், அங்கே சுடப்பட்டு விழுந்த ஹோகனும் டிப்பரரிக்காரர். இன்னொரு செய்தியும் உண்டு. 1920 ஜூனில் ஜலந்தரில் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவு, தங்கள் ஊரில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு, இனி வேலை செய்ய மாட்டோம் என்று துப்பாக்கியைக் கீழே வைத்தது. கலகம் சோலனுக்கும் பரவியது. அங்கே தலைமை ஏற்ற ஜேம்ஸ் டேலி என்ற இளைஞரை நவம்பர் 2 அன்று நம் நாட்டு மண்ணில் தக்சாயில் சுட்டுக் கொன்றார்கள். குரோக் பார்க் படுகொலைக்கு 19 நாள் முன்பு. ஒரு நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதில்லை என்று நான் வகுப்பில் சொல்வேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இவ்வளவு அடிபட்டவர்களுக்குக் கோபம் இருக்கும். அந்தக் கோபத்தைச் சங்கம் விதியாகவும் எழுதி வைத்தது. கிரிக்கெட், ரக்பி, கால்பந்து, ஹாக்கி போன்ற அந்நிய ஆட்டங்களை ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது. 1938-இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு கடமைக்காக ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் போனார். ஐரிஷ் மொழிக்காக வாழ்நாள் முழுக்க உழைத்த மனிதர். அவரையே புரவலர் பதவியிலிருந்து நீக்கினார்கள். என் கண்ணுக்கு இது சரியாகப் படவில்லை. தன் வீட்டைக் காப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பக்கம் பார்க்காதே என்று பிள்ளையை மிரட்ட வேண்டியதில்லை. அவர்களும் மெதுவாக அதை உணர்ந்தார்கள். 1971-இல் அந்தத் தடையை எடுத்தார்கள். 2007 பிப்ரவரி 24 அன்று, ஜனம் சுடப்பட்ட அதே குரோக் பார்க்கில், இங்கிலாந்து ரக்பி அணி வந்து நின்று தன் தேசிய கீதத்தைப் பாடியது. கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பிறகு ஆட்டத்தில் 43-13 என்று அயர்லாந்து வென்றது. 2020-இல் கொரோனா நேரத்தில் பக்ரீத் தொழுகைக்கும் அந்த மைதானத்தைத் திறந்துவிட்டார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பழைய மாணவிகள் விடமாட்டார்கள். பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் காமோகி என்று பெயர், 1904-இல் தொடங்கியது. என் பேத்தி அதில்தான் இருக்கிறாள். தமிழ்ப் பெயர் எழுதிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, அந்த ஊர் ஜெர்சி போட்டுக்கொண்டு போகிறாள். காமோகிக்காரர்கள் பாவாடை மாதிரியான உடைதான் போட வேண்டும் என்று நெடுநாள் விதி இருந்தது. வீராங்கனைகள் போராடி, 2025 மே மாதம்தான் அரைக்கால் சட்டை போடவும் அனுமதி வாங்கினார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு சடுகுடு ஆடி, வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள் அல்லவா?

இப்போது நம் பக்கம் வருகிறேன். குசாக் சங்கம் தொடங்கிய நான்கு வருடத்தில், 1888-இல், சென்னையில் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் கிளப்பில் நம்மவர்களுக்குச் சம மரியாதை இல்லை என்பதுதான் காரணம். அங்கே அவமானப்பட்டவர்கள் சொந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இங்கே அவமானப்பட்டவர், அவர்கள் ஆட்டத்திலேயே அவர்களோடு சரிக்குச் சமமாக நிற்கலாம் என்று காட்டினார். இரண்டும் வீரம்தான். புச்சிபாபுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் தெருவில் ஆடிய ஆட்டங்களுக்கு அப்போது யாரும் நோட்டுப் புத்தகம் திறக்கவில்லை.

ஒன்று மட்டும் தப்பித்தது, சடுகுடு. மகாராஷ்டிரத்துக்காரர்கள் அதற்கு விதி எழுதினார்கள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியிலிருந்து போன ஒரு குழு ஆடிக் காட்டியது. 1950-இல் அகில இந்தியச் சம்மேளனம் வந்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம் கிடைத்தது. கபடி என்ற பெயர் நிலைத்தது. அதில் நம் பிள்ளைகள் சாதித்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். எங்கோ யாரோ உட்கார்ந்து விதி எழுதியதால்தான் அந்தப் பெண்ணுக்கு ஒரு மேடை கிடைத்தது.

மற்றவை? கிட்டிப்புள், கிளித்தட்டு, பச்சைக்குதிரை, பாண்டி எல்லாம் எங்கே? 2014-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தபோது நாம் சும்மா இருக்கவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்தை உலகமே பார்த்தது. உங்களில் சிலர் இங்கிருந்து ரயில் ஏறிப் போனீர்கள். யாராவது தடுத்தால் நமக்கு ரோஷம் வருகிறது. தானாக மறைகிற ஆட்டத்துக்கு ஒரு மெழுகுவர்த்திகூட யாரும் ஏற்றுவதில்லை, ஏனென்றால் அது போன நாள் எது என்றே தெரியாது. அப்பா சூளை வேலை முடித்து வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், தொழிலாளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொட்டலில் சடுகுடு ஆடுவார்கள். கை முழுக்க வெள்ளைக் களிமண் அப்படியே இருக்கும். யாரைத் தொட்டார்கள் என்று சண்டையே வராது, தொட்ட இடத்தில் வெள்ளைத் தடம் இருக்கும். அந்தப் பொட்டல் யார் பெயரிலும் இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் கல் நட்டார்கள், மனை போட்டார்கள், வீடு வந்தது. யாரும் அநியாயம் செய்யவில்லை. ஆட்டத்துக்கென்று அந்த நிலத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். டிப்பரரியில் அந்தச் சின்ன ஊர் மைதானத்தில் நின்றபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். பெரியவரிடம் கேட்டேன். “சங்கத்தின் பெயரில். விற்க முடியாது” என்றார்.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நிலம் வாங்கச் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவிடமும் ஆயாவிடமும் இன்றே கேளுங்கள்: சின்ன வயதில் என்ன ஆடினீர்கள், எத்தனை பேர், கோடு எப்படிப் போடுவீர்கள், அவுட் எப்போது, தோற்றவருக்கு என்ன தண்டனை. ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். ஒரே ஆட்டத்துக்குப் பாலக்கரையில் ஒரு பெயரும் பெண்ணாடத்தில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் நான் நோட்டில் எடுத்து, பிரதி போட்டு, கேட்கிற பள்ளிகளுக்கு என் செலவில் கொடுக்கிறேன். பி.டி. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் மூன்று பேர் வாரம் ஒரு பீரியட் ஆடவைப்பதாக ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

முதல் ஆட்டத்தை நானே எழுதுகிறேன். கிளித்தட்டு, எங்கள் தெரு விதிப்படி. நீளமாக ஒரு கட்டம் கீறி, நடுவில் நெடுக்காக ஒரு கோடு, குறுக்கே நான்கு கோடு. அணிக்கு ஐந்து பேர். தடுக்கும் அணியில் நான்கு பேர் குறுக்குக் கோடுகளில் நிற்க வேண்டும், கோட்டை விட்டுக் கால் நகரக் கூடாது. ஐந்தாவது ஆள் கிளி. கிளி நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடலாம். மற்ற அணி தொடப்படாமல் எல்லாக் கட்டத்தையும் தாண்டிக் கடைசிக்குப் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒருவர் தொடப்பட்டாலும் அணி மாறும். கிளி சுற்றுக் கோட்டிலும் ஓடலாம் என்று எங்கள் பெரியம்மா மகள் சொல்கிறாள், கூடாது என்று நான் சொல்கிறேன். உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளைச் சாயங்காலம் அரை மணி நேரமாவது வெளியே விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
விருத்தாசலம்